மாலியின் குழல்

சம்பூரில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியில் மாலியின் குழல் ஒலித்தது. "இசைத்தட்டெல்லாம் வீட்டோடயே போயிட்டுது, தம்பி" என்றார். 2006 ஏப்ரல் குண்டுவீச்சில் ஊரே இடம்பெயர்ந்தது. மீள்குடியேற்றத்துக்குச் சுமார் பத்தாண்டுகள் ஆயின.

திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் ஏழு வயதிலேயே மயிலாப்பூரில் மேடை ஏறியவர். குழலைக் கச்சேரி வாத்தியமாக்கியவர் சரப சாஸ்திரி. அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவராவ் அதைப் பரப்பினார். எனினும் குழல் பாடத் தொடங்கியது மாலியிடம்தான் என்பேன். துளைகளை மூடும் விரல் முறையையும் உதட்டின் பிடிப்பையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலில் வரவழைத்தார். கச்சேரிக்கு வராமலே இருந்துவிடுவார். வந்தாலும் பாதியில் எழுந்து போவதுண்டு. இரசிகர்கள் பொறுத்தார்கள். நானாயின் பொறுத்திருப்பேனோ, தெரியாது. 1986இல் மறைந்தார்.

பெரியவர், தொலைந்த தட்டுகளின் இராகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.