சானடோரியம் ஸ்டேஷன்

பீச்சிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வர்றவங்க குரோம்பேட்டை தாண்டினதுமே பையை எடுத்துக்கிட்டு எழுந்துடுவீங்க. அடுத்தது தாம்பரம் சானடோரியம், அதுக்கப்புறம் தாம்பரம். தினமும் காதுல விழுற பேரு. அது எதனால வந்த பேருன்னு யோசிச்சிருக்கீங்களா?

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில் இதே போன்ற ஒன்றை நடத்தியவர். 1917-ல் கணிதமேதை ராமானுஜன் நோயில் விழுந்தபோது அங்கே இவரிடம்தான் சிகிச்சையில் இருந்தார். தாம்பரத்தில் தொடங்கிய இடம் சுமார் 250 ஏக்கர். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

எதுக்கு அவ்வளவு பெரிய இடம்? காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடிச்சுட்டார். அதைக் கொல்லுற ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடிக்க 1943 ஆச்சு. நடுவுல அறுபது வருஷம் டாக்டருங்க பெரிசா நம்பினது மூணு விஷயத்தை: நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. எங்க கழனியில சும்மா அடிக்கிற காத்துக்காக, அந்தக் காலத்துல ஜனங்க வீடு வாசலை விட்டுட்டு தாம்பரம் வந்து படுத்திருந்தாங்க.

எங்க பெரியப்பாவும் அங்க படுத்திருந்தவர்தான். நாங்க படப்பை பக்கம். நான் பிறக்கிறதுக்கு முன்னாடி, அறுபதுகள்ல நடந்தது. அப்பா சொல்லிக் கேட்டது. அப்போ மருந்து வந்துடுச்சு. மாசக்கணக்கா இருந்து குணமாகி வீட்டுக்கு வந்தார். ஆனா ஆயா அவருக்குத் திண்ணையில தனித்தட்டு, தனி லோட்டா வச்சுட்டாங்க. ஆயா கெட்டவங்க இல்ல. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தாங்க, பயம்.

இத்தனைக்கும் அந்தப் பயத்துக்குப் பதில் மெட்ராசிலேயே கிடைச்சிருந்தது. 1956-ல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு ஆய்வு தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை வீட்டிலேயே விட்டு, ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான வீடு, சுமாரான சாப்பாடு. 1959-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க காசநோய் வைத்தியம் மாறினதுல இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சேதி எங்க ஆயாவுக்கு எட்டல. பெரியப்பா ரெண்டு வருஷம் திண்ணையிலேயே சாப்பிட்டார்.

அப்புறம் எங்க அம்மா கல்யாணமாகி வந்தாங்க. ஒருநாள் ராத்திரி, எல்லாரும் சாப்பிட உக்காந்த வரிசையில ஒரு தட்டைக் கூடுதலா வச்சு, "மாமா, உள்ள வந்து உக்காருங்க"ன்னு கூப்பிட்டாங்களாம். ஆயா ஒண்ணும் பேசல. அன்னிக்கு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான். பெரியப்பா அதைச் சொல்லும்போது கல்யாண விருந்தைச் சொல்ற மாதிரி இருக்கும்.

கடைசி வரைக்கும் அவருக்கு ரெண்டு பழக்கம். விடிஞ்சதும் கிணத்து மேட்டுல நின்னு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விடுவார். சாப்பிட உக்காந்தா, பக்கத்துல ஆள் வந்து உக்காந்த பிறகுதான் முதல் கவளம் எடுப்பார். சின்ன வயசுல நாங்க அவரை மாதிரியே நடிச்சுக் காட்டிச் சிரிப்போம். இப்போ அதே கிணத்து மேட்டுல நானும் தினம் நிக்கிறேன்.

காசநோய் இன்னும் போகல. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, மாத்திரை இலவசம். யாருக்காவது அந்த நோய் வந்தா டாக்டர் சொல்றதைக் கேளுங்க, தட்டைப் பிரிக்காதீங்க.

அடுத்த தடவை ட்ரெயின்ல சானடோரியம் பேரைக் கேட்டா, நல்லா ஒரு மூச்சு இழுத்து விடுங்க. வீட்டுக்குப் போய் எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க.