முதிரைக் கட்டையில் ஒரு வெடிப்பு

நான் வன்னிக்குச் செல்கிறேன் என்று அறிந்ததும், ஐரோப்பாவில் வாழும் நண்பர் ஒரேயொரு வேண்டுகோள் விடுத்தார். கிளிநொச்சியில் தம் வீடு இருந்த வளவிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவர வேண்டும் என்றார். 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறியபோது பல வீடுகளில் கூரையும் இல்லை, கதவும் யன்னலும் இல்லை. நண்பரின் வளவில் எனக்குக் கிடைத்தது வாசல் நிலையின் ஒரு முழத் துண்டு. நல்ல முதிரை, ஆனால் வெடித்திருந்தது.

அதில் ஒரு பேனை கடைந்து தரும்படி அவ்வூர்த் தச்சர் ஒருவரைக் கேட்டேன். அவர் முதலில் எடுத்தது உளியை அன்று, காந்தத்தை. எறிகணைச் சிதறல் உள்ளே புதைந்திருந்தால் வாளும் உளியும் பாழாகிவிடும்.

இலங்கையின் உலர்வலயக் காடுகளிலிருந்து ஒல்லாந்தர் காலத்திலேயே கருங்காலி கப்பலேறியது. பின்னர் ஆங்கிலேயர் முதிரையைத் தம் நாட்டுத் தளபாடங்களுக்குக் கொண்டு சென்றனர். முதிரையின் உறுதிக்குப் பேராதனைப் பாலம் சான்று. 1833 இல் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீள ஒற்றை வளைவாக முதிரையால் அமைந்த அது, 1905 வரை பயன்பட்டது. அதே 1905 இல் வன்னிக் காட்டை ஊடறுத்து வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. 1990 இல் புகையிரதம் நின்றபின் அப்பாதையின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013 இல்தான் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை எட்டியது. பழுதற்ற நேர்மரம் கடல் கடந்து போயிற்று. மண்ணின் மக்களுக்கு எஞ்சியது வெடித்த துண்டு.

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நெஞ்சிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கூரை போன வீட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் எந்த மரந்தான் தாங்கும்?

தச்சர் 5 அங்குல நீளமும் முக்கால் அங்குலப் பருமனும் கொண்ட கட்டையாக அதை அறுத்தார். துளையிடுமுன் வெடிப்பை மூடவேண்டும். இல்லையேல் துளைக்கருவியே கட்டையைப் பிளந்துவிடும். மயிரிழை வெடிப்பில் தண்ணீர்போன்ற சுப்பர் குளூ தானாகவே ஊறி இறங்கியது. அகன்ற இடத்தில் அதே மரத்தின் தூளை அடைத்துப் பசையைச் சொட்டினார். முதிரைத் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும். அவர் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார். உள்ளே செலுத்தும் பித்தளைக் குழலுக்குக் கறுப்பு மை பூசினார். பூசாவிட்டால் மெலிந்த இடத்தில் பித்தளை மினுங்குமாம். பிறகு கூரிய உளியால், மெல்ல மெல்லச் சீவினார்.

அந்தப் பசையும் போரில் பிறந்ததே. 1942 இல் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்திக் தேடிய அமெரிக்கர் ஹரி கூவர், எதிலும் ஒட்டிக்கொள்கிறது என்று அதை ஒதுக்கிவைத்தார். 1958 இல் அது கடைக்கு வந்தது. வியட்னாம் போரில் காயங்களிலிருந்து பெருகிய குருதியை நிறுத்தவும் பயன்பட்டது.

வெடிப்பு முற்றாக மறையவில்லை. நகநீளத்தில் கருங்கோடாக நிற்கிறது. வர்ணம் பூசி மறைக்கட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்தப் பேனையால் நண்பர் முதலில் எழுதியது என்ன தெரியுமா? தொலைந்துபோன காணி உறுதியின் பிரதி கேட்டு ஒரு விண்ணப்பம்.