இடப்பக்க யன்னல்

சென்னைக்குப் போகிறவர்கள் எங்களிடம் கேட்பது துணி எங்கே மலிவு, எந்த ஆஸ்பத்திரி நல்லது என்றுதான். கேட்காமலே நாங்கள் சொல்வது வேறொன்று. கட்டுநாயக்கவில் போர்டிங் பாஸ் எடுக்கும்போது இடப்பக்க யன்னல் ஆசனத்தைக் கேளுங்கள். 'ஏ' எழுத்து. இறக்கைக்கு மேலே வேண்டாம். பத்தாம் வரிசைக்கு முன்னால், இல்லாவிட்டால் நன்றாகப் பின்னால். காலை விமானமென்றால் வெயில் வலப்பக்கம் நிற்கும், இடப்பக்கம் கண் கூசாது. மாரியில் போனால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். பெப்ரவரி, மார்ச் நல்லது.

வலப்பக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு வரும். அதுவும் அழகுதான். ஆனால் மன்னார்க்காரரான எங்களுக்கு இடப்பக்கம்தான்.

விமானம் வடக்கே திரும்பிக் கொஞ்ச நேரத்தில் புத்தளம் களப்பும், அதைக் கடலிலிருந்து பிரிக்கும் கற்பிட்டி நிலமும் தெரியும். 1344இல் இப்னு பதூதா கரையேறிய 'பத்தாலா' புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டினார். பாவா ஆதம் மலைக்குப் போக ஆட்களும் கொடுத்து அனுப்பினார். அந்த முத்துக்கள் விளைந்த கடல் உங்கள் யன்னலுக்குக் கீழேதான் கிடக்கிறது.

வில்பத்துக் காட்டின் பச்சை முடிந்ததும் அரிப்பு. ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் மாளிகை கட்டிய இடம். ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அது தெரியாது, தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்சமிருக்கும் சுவர்களையும் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கீழக்கரையிலிருந்து தோணியில் வந்து மூச்சடக்கி இறங்கிய எங்கள் ஆட்களுக்கு அங்கே ஒரு கல்லும் நடப்படவில்லை.

பிறகு மன்னார்த் தீவு. அதன் நுனியில் தலைமன்னார், அதற்கப்பால் கடலுக்குள் மணல் திட்டுகள் வரிசையாக, சுற்றிலும் இளம்பச்சைத் தண்ணீர். ஆதம் பாலம். 1914 முதல் ஒரே டிக்கெட்டில் கொழும்பிலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில் என்று மதராசுக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 80களில் யுத்தத்தோடு நின்றது. எங்கள் பெரியவர்கள் வியாபாரத்துக்குப் போய் வந்த வழி அது.

இன்னொரு வழியும் அந்த யன்னலில் தெரியும். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் படகுகளில் கற்பிட்டிக்கு வந்தோம். கையில் தூக்க முடிந்த பைகள், கொஞ்சக் காசு, மழை. 80 கிலோமீற்றருக்கு மேல் கடல். விமானம் அதைக் கடக்க ஏழெட்டு நிமிடம்.

உம்மாவைக் கண் சிகிச்சைக்கு அழைத்துப் போனபோது யன்னல் ஆசனத்தை அவருக்குக் கொடுத்தோம். கற்பிட்டியைக் காட்டினோம். பிறகு மன்னாரைக் காட்டினோம்.

"இவ்வளவுதானா மகன்? ஒரு ராவு முழுக்க வந்தோமே."

ஆதம் பாலம் வந்தபோது அவர் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் போன கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வலப்பக்கம் கேட்க வேண்டும், 'எஃப்' எழுத்து. கேட்டு வாங்கினோம். ஆனால் அது இரவு விமானம். கீழே மன்னாரின் விளக்குகள் தெரிந்தன. எருக்கலம்பிட்டி எது என்று உம்மா கேட்டார். எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்த முறை செக்கப்புக்குக் காலை விமானமாகப் பார்த்துப் போட்டிருக்கிறோம், போகவும் வரவும்.