கூழுக்கு நாணுவதேன்?

சோறு என்றதும் நம் கண்முன் நிற்பது வெள்ளை வெளேரென்ற அரிசிச் சோறு ஒன்றுதான். கம்பஞ்சோறு என்றால் சிலருக்குச் சிரிப்பு. கேழ்வரகுக் களி என்றால் சிலருக்கு முகச்சுளிப்பு. விருந்தினர் வரும் வேளையில் கூழ்ப்பானையை மூடி மறைக்கும் பழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆடித் திங்களில் அம்மன் கோயில் வாயிலில் அதே கூழைக் கைநீட்டி வாங்கிக் குடிப்போர், ஐப்பசியில் வீட்டில் குடிக்க வெட்கப்படுகின்றனர். சொந்த மண்ணில் விளைந்ததை உண்ண மனிதன் ஏன் நாணவேண்டும்? இந்த நாணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு.

சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். காஞ்சியை ஆண்ட இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு, வழியில் எந்த நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்று புலவர் வரிசையாகச் சொல்கிறார். ஆயர் குடியில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்து உழவர் இல்லத்தில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். மருத நிலத்தில் நெல்லரிசிச் சோறும் கோழியும். நிலம் எதைத் தந்ததோ அதை மனிதன் உண்டான். வந்தவனுக்கும் தயங்காமல் படைத்தான். அன்று அனைவரும் சமமாக வாழ்ந்தனர் என்று கதை கட்ட வேண்டியதில்லை. வேந்தனும் இருந்தான், வறியவனும் இருந்தான். ஆனால், விருந்தினன்முன் வரகு தலைகுனிந்து நிற்கவில்லை!

பிறகு என்ன நேர்ந்தது? ஆற்றுப் பாசனம் பெருகிற்று, நெல் பெருகிற்று. ஏரி நீரும் ஆற்று நீரும் பாய்ந்த நிலம் செல்வர் கையிலும் கோயில் கையிலும் குவிந்தது. அந்த நிலத்துக்கு நன்செய் என்று பெயர். வானம் பார்த்த நிலத்துக்குப் புன்செய் என்று பெயர். ஒன்று நன்மை, மற்றொன்று புன்மை! நிலத்தில் ஏறிய உயர்வு தாழ்வு தானியத்திலும் ஏறிற்று. தானியத்திலிருந்து அதை உண்ணும் மனிதன்மீதும் ஏறிற்று. மானாவாரிச் சீமைகளில் நெற்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே கிட்டும் திருநாள் உணவாயிற்று. அரிசி உண்பவன் மேலோன், கூழ் குடிப்பவன் கீழோன் என்ற கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டது. நாவின் சுவை எழுதிய கணக்கன்று அது; நிலவுடைமை எழுதிய கணக்கு.

பின்னர் ஆலை வந்தது. உரலும் உலக்கையும் விட்டுவைத்த தவிட்டை ஆலை உரித்து எறிந்தது. அரிசி மேலும் வெளுத்தது. மதிப்பும் மேலும் உயர்ந்தது. அந்த வெண்மைக்குக் கொடுத்த விலை என்ன? விடையை அறிவியல் சொல்லிற்று.

ஜாவாத் தீவில் 1890-களில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் தேறி எழுவதையும் கண்டார். மனிதரைக் கொன்ற பெரிபெரி நோயின் சாயல் அது. ஒரு நஞ்சே காரணம் என்று அவர் முதலில் எண்ணினார். அவருடைய பணியைத் தொடர்ந்த கிரைன்ஸ், 1901-இல், தவிட்டோடு உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் போய்விடுவதே காரணம் என்று விளக்கினார். 1912-இல் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ எனப் பெயரிட்டார். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயர்வென்று எண்ணி மனிதன் தீட்டி எறிந்ததில் அவன் உயிரின் ஒரு பகுதி இருந்தது!

நம் நாட்டிலும் இச்சோதனை நடந்தது. குன்னூரில் 1918-இல் மக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. எந்த வேதமும் விதிக்காத இந்த முறையை, அடுப்படியில் நின்ற பெண்களின் உழைப்பு காத்து வந்தது.

கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கும் மேல். தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். எதைச் சத்துள்ள உணவென்பது? எதை ஏழை உணவென்று எள்ளுவது? நெல்லுக்குத் தேங்கிய நீர் வேண்டும். கம்பும் சாமையும் பெய்த மழையைக் கொண்டே விளையும். பருவமும் தன் பங்கைத் தருகிறது. கோடையில் நுங்கும் வெள்ளரியும், தை பிறந்தால் பனங்கிழங்கும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கின்றன.

எனினும், ஏழை அரிசியை விரும்பியது அறியாமை என்று எவரும் ஏளனம் செய்யவேண்டாம். அவன் விரும்பியது வெறும் தானியத்தையன்று, மறுக்கப்பட்ட மதிப்பை! 1967-இல் அண்ணாவின் ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதும், 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் விலையில்லா அரிசி வழங்கப்பட்டதும் பசியை மட்டும் தணிக்கவில்லை. திருநாள் சோற்றை அன்றாடச் சோறாக்கி, பழைய கணக்கில் ஒரு வரியை அடித்துத் திருத்தின. அந்த வெற்றியை விட்டுக்கொடுக்க முடியாது.

‘முன்னோர் உண்டனர், ஆகவே நன்று’ என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. முன்னோர் செய்த அனைத்தும் நன்றெனின், அவர்கள் சுமந்த இழிவுகளும் நன்றாகிவிடுமே! உள்ளூர் விளைவு ஒன்றே காக்கும் என்பதும் உண்மையன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தபோது புன்செய்ச் சீமைகள் பிணக்காடாயின. தானியம் ரயிலேறி வந்தது. வாங்கக் காசில்லாதவன் மடிந்தான். ஆகவே, உள்ளூர் உணவு வேண்டும். ஊர் கடந்து உதவும் ஏற்பாடும் வேண்டும். வாங்கும் வலிமையும் வேண்டும்.

இன்றைய விந்தையையும் காணுங்கள்! 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. நேற்று எள்ளப்பட்ட சாமையும் தினையும் இன்று நகரத்துக் கடைகளில் அழகிய பைகளில் ஏறி, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஏழையின் கலத்திலிருந்து இகழ்ச்சியால் இறக்கப்பட்ட உணவு, இப்போது விலையால் அவனுக்கு எட்டாமல் போகிறது. அன்று அரிசி எட்டவில்லை. இன்று கேழ்வரகு எட்டாதா? அதே 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். புன்செய் உழவனுக்கு உரிய விலை கிடைக்கவேண்டும். விளைந்தது அந்தந்த வட்டாரத்துப் பள்ளிச் சிறுவரின் தட்டுக்கு வந்து சேரவேண்டும்.

இளைஞர்களே! தானியத்துக்குச் சாதியில்லை. அரிசியைக் கும்பிடவும் வேண்டாம். கூழைக் கும்பிடவும் வேண்டாம். எது உடலை வளர்க்கும், எது நீரைக் காக்கும், எது உழுதவனை வாழவைக்கும் என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் கூழ்ப்பானையின் மூடியை எடுத்துவிடுங்கள். வருகிற விருந்தினருக்கும் ஒரு கலயம் ஊற்றுங்கள்!