ஹை ஹீல்ஸ் போட அனுமதிச் சீட்டு

கலிஃபோர்னியாவின் கடற்கரையில் கார்மெல் பை த சீ என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. பரப்பளவு சுமார் ஒரு சதுர மைல்தான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,220. நம்மூர் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள். ஆனால் இந்த ஊரின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

எல்லோரும் முதலில் சொல்வது ஹை ஹீல்ஸ் சட்டம். 1963-இல் வந்தது. 2 அங்குலத்துக்கு மேல் உயரமும் ஒரு சதுர அங்குலத்துக்கும் குறைவான அடிப்பாகமும் கொண்ட குதிகால் செருப்பை அணிய நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். ஏதோ கலாச்சாரக் காவலர்கள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் முழுக்க மரங்கள், அவற்றின் வேர்கள் நடைபாதையைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. யாராவது தடுக்கி விழுந்து நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால் என்ன செய்வது? வேரை வெட்ட மனசில்லை, செருப்புக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்! அனுமதிச் சீட்டு இலவசம். போலீஸ் யாரையும் பிடிப்பதும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் அதை ஞாபகார்த்தமாக வாங்கிப் போகிறார்கள்.

இது வேடிக்கை. ஆனால் இந்த ஊர் ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு வேடிக்கை இல்லை.

1900-களின் தொடக்கத்தில் டெவன்டார்ஃப் என்பவரும் பவர்ஸ் என்பவரும் சேர்ந்து இங்கே மனை விற்றார்கள். விளம்பரத்தில் பள்ளி ஆசிரியர்களையும் மூளை உழைப்பாளிகளையும் குறிப்பாக அழைத்தார்கள். 1905-இல் கவிஞர் ஜார்ஜ் ஸ்டெர்லிங் வந்தார். 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓவியர்களும் எழுத்தாளர்களும் நிறைய வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் கட்டுப்படாமல் வாழ ஆசைப்பட்ட கூட்டம் அது. 1916-இல் ஊர் நகராட்சி ஆனது.

1920-களில் பெர்ரி நியூபெரி என்ற எழுத்தாளர் நகர மன்றத் தேர்தலில் நின்றார். ஊரை வளர்க்க மாட்டேன் என்பதுதான் அவர் வாக்குறுதி! மற்ற ஊர்கள் ஆசைப்படுவது எதுவும் கார்மெலுக்கு வேண்டாம் என்று சொல்லியே ஜெயித்தார். 1929-இல், இது முதன்மையாகக் குடியிருப்பு ஊர், வியாபாரம் அதற்கு அடங்கித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அந்த ஊர் இன்றும் அழகாக இருக்கிறதென்றால் இந்தச் சட்டத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இனிமேல்தான் சிக்கல். 1968-இல், ஹிப்பிகள் ஊருக்குள் வர ஆரம்பித்த காலம். நகர மன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. பொதுப் புல்வெளியில் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, மரத்தில் ஏறக் கூடாது. வெறுமனே இவ்வளவோடு நின்றிருந்தால் புல்லைக் காப்பாற்றத்தான் சட்டம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவசரத்துக்கான காரணத்தையும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்: ஹிப்பிகள் என்று சொல்லப்படும் விரும்பத்தகாத, சுத்தமில்லாத ஆட்கள் பெருமளவில் வந்துவிட்டார்களாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட ஒருவர் வழக்கை கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார். 1971-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி போலத் தெரிந்தாலும், ஊருக்குப் பிடிக்காத ஒரு கூட்டத்தைக் குறிவைத்தே போடப்பட்டது, ஆகவே சமத்துவ உரிமைக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு இதில் உறைப்பது என்னவென்றால், ஸ்டெர்லிங்கின் கூட்டமும் அவர்கள் காலத்துப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்த கூட்டம்தானே? முதலில் வந்தவர்கள் கலைஞர்கள், அறுபது வருஷம் கழித்து வந்தவர்கள் அசுத்தம்!

எண்பதுகளில் கதை வேறு பக்கம் போனது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் இங்கே ஒரு கட்டடம் கட்டப் போய் நகராட்சியோடு மல்லுக்கட்டினார். அப்போது கடையில் கோன் ஐஸ்கிரீம் விற்பதற்குக்கூடத் தடை இருந்தது, தெருவில் சிந்தி அழுக்காகுமாம். 1986-இல் மேயர் தேர்தலில் நின்று 2,166 வாக்கு வாங்கினார், எதிரில் நின்ற மேயருக்கு 799. சம்பளம் மாதம் 200 டாலர். ஐஸ்கிரீம் திரும்பி வந்தது. விதிகளுக்கு எதிராக நின்று ஜெயித்த அதே மனிதர்தான், அடுக்குமாடிக் குடியிருப்பு வர இருந்த மிஷன் ராஞ்ச் என்ற பழைய இடத்தைத் தன் காசைப் போட்டு வாங்கிக் காப்பாற்றினார். சுதந்திரக் கட்சி, கட்டுப்பாட்டுக் கட்சி என்று ஆட்களை நேராகக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது போல.

இன்னொரு வழக்கும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்று ஊர் தடை போட்டது. என் வீடு, என் இஷ்டம் என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை ஊரின் பக்கம் நின்றது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர் நூலகத்தில் தொண்டு செய்ய மாட்டார், பக்கத்து வீட்டு முதியவரைக் கவனித்துக்கொள்ள மாட்டார் என்பது தீர்ப்பில் சொன்ன வாதங்களில் ஒன்று. ஏர்பிஎன்பி எல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்னால் சொன்னது இது. 1968 சட்டம் மனிதர்களை விரட்டியது, இது அக்கம்பக்கத்தைக் காப்பாற்றியது. ஆனால் அந்த அக்கம்பக்கத்தில் ஒரு வீடு வாங்க இன்று கோடீஸ்வரனாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1903-இல் கூப்பிட்ட பள்ளி ஆசிரியரால் இப்போது அங்கே மனை வாங்க முடியாது.

வீட்டுக் கதவிலக்கம் சமாச்சாரத்தை விட்டுவிட்டேனே. கார்மெலில் வெகுகாலம் வீடுகளுக்கு எண் இருந்ததில்லை. பெயர் உண்டு, இல்லாவிட்டால் இன்ன தெருவுக்கு மேற்கே மூன்றாவது வீடு என்பார்கள். கடிதத்தைத் தபால் நிலையத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது, அங்கேதான் ஊரே சந்தித்துக்கொள்ளும். எண் போட வற்புறுத்தினால் மாநிலத்தைவிட்டே பிரிந்துவிடுவோம் என்று ஒரு காலத்தில் மிரட்டினார்களாம். ஆனால் மாரடைப்பு வந்தவரின் வீட்டை ஆம்புலன்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கும், மருந்து பார்சல் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விகள் எழுந்தன. 2024-இல் நகர மன்றம் வீட்டு எண்களுக்கு ஆதரவாக வாக்களித்தது, 3-க்கு 2 என்ற கணக்கில்.