எச்.எம்.எஸ். மலாயா: நம் நாட்டு வருவாயில் மிதந்த போர்க்கப்பல்



முதல் உலகப் போரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பேசும்பொழுது, அஃது எங்கோ ஐரோப்பாவில் நிகழ்ந்த போர் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தை மாற்றுவதற்கு நான் வகுப்பில் எடுத்துக் கூறுவது எச்.எம்.எஸ். மலாயா என்னும் கப்பலின் கதையையே.

1912ஆம் ஆண்டின் இறுதியில், பேராக் சுல்தான் இட்ரிஸ் அவர்களின் முன்மொழிவின்பேரில், ஐக்கிய மலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலை வழங்க முன்வந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகியவற்றோடு நம் பகாங் மாநிலமும் அவற்றுள் ஒன்று. கப்பலின் விலை ஏறத்தாழ 29 இலட்சம் பவுன்.

இவ்வளவு பெருந்தொகை எங்கிருந்து வந்தது? அந்நாளைய அரசுக் கருவூலத்தை நிரப்பியவற்றுள் ஈயமும் ரப்பரும் தலையாயவை. ஈயத்தைத் தோண்டியோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். பால்மரம் சீவியோருள் பெரும்பாலோர் தமிழர்கள். கேமரன் மலையில் அன்று தேயிலைத் தோட்டங்கள் இல்லை. போ தோட்டம் தோன்றியதே 1929இல்தான். ஆனால், சமவெளி ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் உழைப்பு அப்பொழுதே கொட்டிக் கிடந்தது. கப்பலை வழங்க முடிவெடுத்த கூட்டரசு மன்றத்திலோ ஓர் இந்தியர்கூட இல்லை. வழக்கறிஞர் எஸ். வீராசாமி அம்மன்றத்தில் இடம்பெற்றது 1928இல்தான்.

கப்பலின் கட்டுமானம் 1913 அக்டோபரில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் தொடங்கியது. 1915 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்ட கப்பல், 1916 பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. எட்டுப் பெரும் பீரங்கிகள். ஒவ்வொன்றின் குழல்வாயும் 15 அங்குலம். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 870 கிலோ. நிலக்கரிக்கு மாறாக எண்ணெயை எரித்து ஓடிய புதுவகைக் கப்பல் அது.

பணியில் சேர்ந்த நான்கே மாதங்களில் பெருஞ்சோதனை வந்தது. 1916 மே 31 அன்று, வட கடலில் ஜட்லண்ட் போர் மூண்டது. இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 250 கப்பல்கள் மோதின. ‘மலாயா’ தன் அணி வரிசையில் கடைசிக் கப்பல். அணி வடக்கு நோக்கித் திரும்பியபொழுது, பின்தொடர்ந்த செர்மானியக் கப்பல்களின் கடுந்தாக்குதலுக்கு அது இலக்காகியது. எட்டுக் குண்டுகள் தாக்கின. பக்கவாட்டுப் பீரங்கித் தளத்தில் வெடிமருந்து தீப்பற்றிப் பலர் கருகினர். கப்பலினுள் நீர் புகுந்தது, கப்பல் சாய்ந்தது. ஆயினும், அணியை விட்டு விலகவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அன்று அக்கப்பலில் பறந்தது, நான்கு நிறப் பட்டைகளின் நடுவே புலி பாயும் ஐக்கிய மலாய் மாநிலங்களின் கொடி.

போருக்குப் பின், கன்னாட் கோமகனை இக்கப்பல் இந்தியாவுக்கு ஏற்றிச் சென்றது. 1921 சனவரி 12 அன்று சென்னைச் சட்டமன்றத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. அதே ஆண்டில்தான், கப்பல் தன் பெயருக்குரிய மலாயாவுக்கு முதன்முதலாக வந்தது. 1922 நவம்பரில், துருக்கியின் கடைசி சுல்தான் ஆறாம் மெகமட் நாட்டைத் துறந்து சென்றதும் இக்கப்பலில்தான். இரண்டாம் உலகப் போரிலும் பணியாற்றிய பின், 1948இல் உடைக்கப்பட்டது.

கப்பலை வழங்கியோர் யார் என்று கேட்டால் ஏடுகள் சுல்தான்களையும் மாநிலங்களையும் சொல்லும். அது பிழையன்று, ஆனால், முழுமையன்று. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவரின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கப்பலில் மாண்ட மாலுமிகளையும், அதற்கு விலை ஈட்டிய தொழிலாளர்களையும் ஒருங்கே நினைப்பதுதான் நேர்மையான வரலாற்றுப் பாடம் என்பது என் கருத்து.

பெற்றோர்களே, உங்கள் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் உழைத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அத்தோட்டங்களை வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். உலக வரலாறு நம் லயத்து வாசலையும் தொட்டுச் சென்றிருக்கிறது என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.