புயமும் இடுப்பும்: ஜவ்வாது மலை மக்களின் ரத்த அழுத்தத்தை உடலளவுகளால் முன்னறிவது பற்றி ஒரு மறுவாசிப்பு

இடுப்புச் சுற்றளவைக் கொண்டு ரத்த அழுத்தத்தை ஊகித்துவிடலாம் என்னும் கொள்கை, நம் நாட்டுப் பொதுச் சுகாதார எழுத்துகளில் ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. உடல் நிறைக் குறியெண் சிறந்ததா, இடுப்புச் சுற்றளவு சிறந்ததா, இடுப்புக்கும் உயரத்துக்குமுள்ள விகிதம் சிறந்ததா என்னும் பூசல் இன்னும் ஓயவில்லை. ஆயினும் இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்று எல்லா ஜனங்களுக்கும் பொருந்தியே தீரும் என்பதில் பூசலிடுவோர் எவருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பங்கிடப்பட்டுக் கிடக்கும் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் போன்று, பெரும்பாலும் மெலிந்த தேகக் கட்டுடைய மக்களிடம் இக்கொள்கை செல்லாது என்பது என் அபிப்பிராயம். அது செல்லுவதுபோல் தோன்றும் இடங்களிலும், அத்தோற்றத்தின் ஒரு பகுதி மனித உடலிலிருந்து பிறப்பதன்று, அழுத்தத்தை அளக்கும் கருவியிலிருந்து பிறப்பது என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

எல்லைக் கோடுகளின் பிறப்பிடத்தை முதலில் நோக்குவோம். தென்னாசிய ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. என்று 2005இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்த இடுப்பெல்லைகள் யாவரும் அறிந்தவை. 2001இல் தொடங்கிச் சென்னை நகரில் 26,001 பேரிடம் நிகழ்ந்த பெருங்கணக்கெடுப்பின் ஒரு பகுதி, ஆடவர்க்கு 87, பெண்டிர்க்கு 82, உடல் நிறைக் குறியெண்ணுக்கு 23 என்று சிறிது வேறான எல்லைகளைக் கண்டது. ஆனால் இச்சென்னை எண்கள் எதனை முன்னறிவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்: ரத்த அழுத்தத்தை மட்டும் அன்று, சர்க்கரை, கொழுப்பு முதலியவற்றோடு சேர்ந்த அபாயக் கூறுகளுள் ஏதேனும் இரண்டினை முன்னறிவதற்காக. நகரவாசியின் வயிற்றுக் கொழுப்பையும் சர்க்கரையையும் பிணைக்கும் இழை வலுவானது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த இழையின் வலுவை ரத்த அழுத்தத்தின் கணக்கில் வரவு வைப்பதே பொருந்தாதது. மேலும், இடுப்பு உயரத்தில் பாதிக்கு மிகலாகாது என்னும் விதியைச் சற்றே ஒத்துப் பார்த்தால், 90 செ.மீ. என்னும் எல்லை 180 செ.மீ. உயரமுள்ள ஆடவனுக்கு உரியது என்பது புலனாகும். அத்தகைய உயரமுடையோர் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் அபூர்வம். 148 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அவ்விதிப்படி எல்லை 74 செ.மீ. ஆகிறது, ஆஷா பணியாளர் நிரப்பும் அரசுப் படிவமோ 80 வரை அவளுக்குச் சுழியமே இடுகிறது.

இனி, இக்கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருவோம். 1896இல் ரிவா-ரோச்சி தம் ரத்த அழுத்தக் கருவியில் அமைத்த புயப்பட்டை ஏறத்தாழ ஐந்து செ.மீ. அகலமே உடையது, அக்குறுகிய பட்டை அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பதை 1901இலேயே ரெக்லிங்ஹௌசன் எடுத்துக்காட்டினார். கஃப் என்று மருத்துவமனைகளில் வழங்கும் அப்பட்டையினுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் புயத்தின் சுற்றளவில் நூற்றுக்கு நாற்பதும், நீளம் நூற்றுக்கு எண்பதுமாக இருத்தல் வேண்டும் என்பது பாடநூல் விதி. புயத்துக்குப் பட்டை சிறுத்தால் அளவு உயர்ந்து காட்டும். பெருத்தால் தாழ்ந்து காட்டும். இது பழைய செய்தி. பழைய செய்தியாகையாலேயே இதனை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்பிழை எவ்வளவு என்பதை அமெரிக்காவில் 195 பெரியவர்களிடம் நிகழ்த்தி 2023இல் வெளியிடப்பட்ட ஒரு சோதனை நன்கு அளந்து காட்டியது. ஒரே மனிதருக்கு வெவ்வேறு பட்டைகளை மாறிமாறிக் கட்டிப் பார்த்ததில், சிறிய பட்டை வேண்டியவர்க்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேலழுத்தம் சராசரி 3.6 மி.மீ. குறைந்தும், பெரிய பட்டை வேண்டியவர்க்கு அதே சாதாரணப் பட்டையைக் கட்டியபோது 4.8 மி.மீ. மிகுந்தும், மிகப் பெரிய பட்டை வேண்டியவர்க்கு 19.5 மி.மீ. மிகுந்தும் காணப்பட்டன. இச்சோதனையைப் படித்தவர்கள் பருத்த புயத்தைப் பற்றியே பேசினர், 19.5 என்னும் எண் கண்ணைப் பறிப்பது இயல்பே. நமக்கு வேண்டியதோ யாரும் திரும்பிப் பாராத 3.6.

உண்மையான மேலழுத்தம் 138 ஆகவே உள்ள இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் புதூர்நாட்டுப் பக்கத்துச் சாமை விவசாயி, புயச் சுற்றளவு 23 செ.மீ.; மற்றவர் சமவெளி நகரத்து வியாபாரி, புயச் சுற்றளவு 35 செ.மீ. இருவருக்கும் ஒரே சாதாரணப் பட்டையைக் கட்டினால், மேற்கண்ட சராசரிகளின்படி, விவசாயிக்கு 134 என்றும் வியாபாரிக்கு 143 என்றும் பதிவாகும். எல்லை 140 ஆகையால் ஒருவர் ஆரோக்கியர், மற்றவர் நோயாளி. பிறகு இவ்விருவரைப் போன்ற ஆயிரம் பேரின் பதிவுகளைத் திரட்டி, பருமனுக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று கணித்தால், தொடர்பு உண்டு என்றுதான் விடை வரும். ஏனெனில் பருமனோடு புயமும் பருக்கிறது, புயத்தோடு பிழையும் ஒரே திசையில் வளர்கிறது. பட்டையின் அளவைக் குறிப்பிடாத ஆய்வு ஒவ்வொன்றிலும் உடலளவின் முன்னறியும் ஆற்றல் என்று காட்டப்படுவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பட்டையின் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை. இம்மலையின்மேலேயே, காவலூரில், 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைநோக்கி இருக்கிறது; அங்கே கருவியின் பிழையைக் கழிக்காமல் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைக் கூட எவரும் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள்.

நிதானமாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மேற்சொன்ன அமெரிக்கச் சோதனை தானியங்கிக் கருவியால் நிகழ்ந்தது. கொரோட்காஃப் 1905இல் காட்டிய ஒலி கேட்கும் முறையில் பிழையின் அளவு மாறலாம், திசை மாறாது. அமெரிக்கப் புயத்திற் கண்ட 3.6, மலையாளிப் புயத்தில் இரண்டாகவோ ஐந்தாகவோ இருத்தல் கூடும். எடை குறைந்தால் அழுத்தமும் குறைகிறது என்பதற்குப் பரிசோதனைச் சான்றுகள் நிரம்ப உள்ளமையால், பருமனுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு முழுவதும் மாயை என்று நான் வாதிக்கவில்லை. அவ்வுறவு மெய்யாக வலுப்பெறுவது பருமனின் மேற்பாதியிலேயே என்று கருதுகிறேன். குறியெண் 16க்கும் 22க்கும் இடையே பெரும்பாலோர் அடங்கிவிடும் கூட்டத்தில், இடுப்பளவுகளின் வேற்றுமை வயிற்றுக் கொழுப்பின் வேற்றுமையாக இருப்பதைக் காட்டிலும் உயரத்தின், தசையின், இளமையிற் கிடைத்த உணவின் வேற்றுமையாக இருப்பதற்கே நியாயம் அதிகம். அங்கே மெய்யுறவு மெலிகிறது. கருவிப் பிழையோ அப்படியே நிற்கிறது.

வயதைப் பற்றியும் ஒரு சொல். நகரத்தில் வயது ஏற இடுப்பும் ஏறும், அழுத்தமும் ஏறும். ஆகவே இடுப்பின் முன்னறியும் ஆற்றலாக, அவ்வாற்றலை அளக்கும் ஆர்.ஓ.சி. வளைகோட்டுப் பரப்பில் காட்டப்படுவதன் ஒரு பங்கு வயதின் ஆற்றலே. உடலுழைப்பும் குறையுணவும் உள்ள கிராமங்களில் முதுமை எடையைக் குறைக்கிறது, அழுத்தத்தையோ கூட்டுகிறது. அங்கே வயதைக் கழிக்காத கணிதம், இடுப்பு சிறுத்தவரே நோயாளி என்று கூடச் சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொன்னால் அதையும் நம்ப வேண்டியதில்லை.

மலைவாசிகள் நடப்பவர்கள், உழைப்பவர்கள், அவர்களுக்கு பி.பி. ஏது என்று கேட்போர் இன்னும் உளர். இந்தியப் பழங்குடியினரைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2014இல் வெளிவந்த கணக்கு நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மிகை அழுத்தம் என்று கண்டிருக்க, அக்கேள்வியோடு நெடுநேரம் வாதிடுவது வீண். மெலிவே காப்பு என்பாருக்கு, 52 மையங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த 1988ஆம் ஆண்டின் சர்வதேச உப்பு ஆய்வைச் சுட்டினாற் போதும்: வயதேறியும் அழுத்தம் ஏறாத யானோமாமிப் பழங்குடியினரிடமும் பாப்புவா நியூகினி மலைவாசிகளிடமும் தனித்து நின்ற குணம், அவர்களுடைய உணவில் உப்பு மிகக் குறைவு என்பது. ஜவ்வாது மலையின் உப்போ சமவெளியிலிருந்து கடைக்கு வரும் உப்பு. அதனைக் கட்டுப்படுத்தும் வழக்கம் எதுவும் அங்கிருப்பதாகத் தெரியவில்லை. சாமையும் கேழ்வரகும் இருந்த தட்டில் ரேஷன் அரிசி ஏறியதையும், புகையிலையையும் சாராயத்தையும் இதே வரிசையில் வைத்து ஆராயலாம். அது வேறு கட்டுரை.

இவ்வாதம் ஏட்டோடு நிற்பதன்று. தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் ஆஷா பணியாளர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் ஆடவர்க்கு இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழாயின் சுழியமும், 90 முதல் 100 வரை ஒன்றும், அதற்குமேல் இரண்டும் இடுகிறது. மொத்தம் நான்கைத் தாண்டியவர் முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். முப்பது வயதைக் கடந்த யாவரையும் பரிசோதிக்க வேண்டும் என்றும் அத்திட்டமே சொல்லுகிறது. அதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் மலைப்பாதையில் ஊர் ஊராக நடக்கும் பணியாளருக்கு முதன்மை என்பதே பல சமயங்களில் முடிவாகிவிடுகிறது. மெலிந்தவர் படிவத்தில் மதிப்பெண் இழக்கிறார்; தப்பித் தவறிப் பரிசோதனைக்கு வந்தாலும் தொளதொளத்த பட்டையால் மீண்டும் சில மில்லிமீட்டர் இழக்கிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பையில் சிறிய பட்டை ஒன்றும் சேருமாயின், அதனால் ஏற்படும் செலவு சொற்பம்.

ஆகையால் இம்மக்களிடம் முதலில் எடுக்க வேண்டிய உடலளவு புயத்தின் சுற்றளவு என்கிறேன். அது நோயை முன்னறிவதற்காக அன்று, மற்ற அளவுகளின் சாட்சியத்தை ஏற்கலாமா என்று தீர்மானிப்பதற்காக. என் வாதம் தவறாயின் அதனைக் காட்டுவதும் எளிது. ஜவ்வாது மலை ஒன்றியத்தில் சில நூறு பெரியவர்களுக்கு, புயத்துக்குப் பொருந்தும் பட்டையாலும் சாதாரணப் பட்டையாலும் முன்பின் மாற்றி அழுத்தம் அளந்து, வயதையும் உயரத்தையும் கழித்து, இடுப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள சாய்வை இரு முறையும் கணிக்க வேண்டும். இரண்டு சாய்வுகளும் ஒன்றாகவே இருக்குமாயின், மேலே புயப்பட்டையைப் பற்றிச் சொன்னவை ஜவ்வாது மலைக்குப் பொருந்தா. இடுப்பளவுக்காரர்களின் கட்சியே அங்கும் நிற்கும்.